தட்டச்சுப் பொறி முதல் இணையப் பக்கம் வரை

கெடா மாநிலத்தின் நடுவே, அலோர் ஸ்டாருக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையில், ஜெராய் மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் குருண். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை கடலோரச் சமவெளியிலிருந்து தனித்து எழுந்து நிற்பது. பருவக்காற்றின் துணைகொண்டு வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மரக்கலத்தார்க்குக் கரை தெரியுமுன் இம்முடியே தெரிந்தது. அதனைக் குறியாகக் கொண்டு அவர்கள் மெர்போக் ஆற்றின் கழிமுகத்தை அடைந்தனர். பூஜாங் பள்ளத்தாக்கின் துறைகள் தழைத்தன. சோழர் மெய்க்கீர்த்தி கடாரம் என்று குறித்த நாடு இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. புதிதாய் வருவோன் எவ்விடத்தும் முதலில் தேடுவது ஒரு குறியே. அது கண்ணிற் பட்டுவிட்டால் ஏனைய வழியை அவனே கண்டுகொள்வான்.

இன்று இணையப் பக்கங்களை வடிவமைப்போரும், அப்பக்கங்கள் மக்களுக்கு எளியனவாய் உள்ளனவா என ஆராயும் பயன்பாட்டு வல்லுநரும் செய்யும் தொழிலின் சாரம் இதுதான். பக்கத்தைத் திறப்போன் எதை முதலிற் காண வேண்டும், அவன் கை எங்கே செல்லும், எந்தச் சொல்லில் அவன் தயங்குவான் என்பனவற்றை முன்னறிந்து ஒழுங்கு செய்வது அவர்தம் பணி. இஃது அண்மையில் மேலை நாட்டிலிருந்து இறக்குமதியான கணினிக் கலை என்றும், தமிழனுக்கும் இதற்கும் பழைய உறவு ஏதுமில்லை என்றும் கருதுவோர் பலர். அக்கருத்து பொருந்தாது. பொறி மனிதனுக்கு வளைய வேண்டுமா, மனிதன் பொறிக்கு வளைய வேண்டுமா என்னும் வினாவோடு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் ஒரு நூற்றாண்டுக்கு அண்மையான காலம் போராடி வந்துள்ளனர். அவ்வரலாற்றை அறிந்த இளைஞனுக்கு இத்தொழிலின் திறன்கள் எவை என்பதும் தெளிவாகும்.

அப்போராட்டத்தின் தேவையை உணரக் குருண் வட்டாரத்தின் தோட்ட வாழ்வையே முதலில் நோக்குதல் நன்று. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. 1915இல் இருப்புப்பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. பாதையின் இருமருங்கிலும் காடழித்து ரப்பர் நட்டனர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில் குடியேற்றப்பட்டனர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவர். வந்தவர் பெயருக்கு நேரே செக்ரோலில் குறி விழும். அந்தக் குறிதான் அவருடைய நாட்கூலி. குறி விழாவிடில் கூலி இல்லை.

செக்ரோல் என்னும் அப்பேரேட்டை வெறும் தாளாகக் கருதுதல் கூடாது. அஃது ஒரு வடிவமைப்பு. நாள், பெயர், வேலை, கூலி, பிடித்தம் என நெடுக்கிலும் குறுக்கிலும் கோடிட்டு, நூற்றுக்கணக்கானோரின் உழைப்பைச் சில பக்கங்களில் அடக்கிய ஏற்பாடு. துரைக்கும் கிராணிக்கும் அஃது எளிதாய்ப் பயன்பட்டது. ஆனால் எவருடைய வியர்வை அதில் எழுதப்பட்டதோ அவரால் அதைப் படிக்க இயலவில்லை. எழுத்து ஆங்கிலம், கட்டங்களின் பொருளோ கணக்கறிந்தோர்க்கு மட்டுமே விளங்கும். சம்பள நாளில் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பதோடு அத்தாளுக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு முடிந்தது. பிடித்தம் ஏன் என்று கேட்கவும் அவர் கிராணியின் வாயையே எதிர்பார்த்தார். ஒரு பக்கத்தை அமைப்பவன் யாருக்காக அமைக்கிறான் என்பது கூலி வரைக்கும் வந்து நிற்கும் செய்தி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழெழுத்தே பொறியில் ஏறாத காலம் அது. அலுவலகங்களில் ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகள் ஓசையிட்டுக் கொண்டிருந்தன. அமெரிக்கரான ஷோல்ஸ் வகுத்த பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874 அளவில் சந்தைக்குக் கொணர்ந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் வணிகக் கடிதம் என்றாலே தட்டச்சுக் கடிதம் என்றாயிற்று. தமிழில் கடிதம் எழுதும் வணிகரோ கையாலேயே எழுதினர். இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. 1907இல் மலாயாவுக்கு வந்த அவர், இரயில்வேயிலும் பின்னர் ஒரு வணிக நிறுவனத்திலும் பணிபுரிந்தார். ஆங்கிலப் பொறியை நாள்தோறும் கையாண்ட எழுத்தராக இருந்தமையால், விரலுக்கும் விசைக்கும் உள்ள உறவை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

அவர் எதிர்கொண்ட கணக்கு எளியதன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழெழுத்து 247. பொறியில் உள்ள விசைகளோ ஏறத்தாழ 46. ஒன்றுக்கு இரண்டு அச்சு வீதம் 92 இடங்களே கிடைக்கும். அவற்றிலும் எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் இடம் விடவேண்டும். ஆகார, எகர, ஐகாரக் குறிகள் எழுத்தை விட்டு விலகி நிற்பன. அவற்றைத் தனியே அடிக்கலாம். உகர, ஊகார வரிசையில் கு, டு, மு, ரு என ஒவ்வொன்றும் ஒரு கோலம் கொள்ளும்; அவற்றுள் பலவற்றுக்குத் தனி விசை தராமல் தீராது. புள்ளியும் இகரக் கொம்பும் எழுத்தின் தலைமேல் அமர்வன. இவற்றுக்குத்தான் நகரா விசை துணைசெய்தது. பிற விசைகளைத் தட்டினால் தாள் சுற்றிய உருளை ஓர் எழுத்தளவு நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் பதியும், தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின்கீழ் வந்து பொருந்தும். இவ்வாறு ஒரே புள்ளி பதினெட்டு மெய்க்கும் பயன்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பள்ளிப் பிள்ளை க எழுதிய பிறகே புள்ளி வைக்கும். தட்டச்சரோ முதலில் புள்ளியைத் தட்டிப் பின்னரே ககரத்தைத் தட்ட வேண்டும். மனத்தின் வரிசை ஒன்று. கையின் வரிசை மற்றொன்று. மனிதன் பொறிக்குச் சிறிது வளைந்தான். ஆயினும் அவ்வளைவை இயன்ற அளவு சிறிதாக்கியது இவ்வமைப்பு. அடிக்கடி வரும் எழுத்துகள் விரல் தங்கும் நடு வரிசையில் நின்றன. இடக்கையில் ய, ள, ன, க. வலக்கையில் த, ம, ட. தமிழ்த் தட்டச்சுப் பள்ளிகளின் முதற்பாடமாக இவ்வரிசை எத்தனையோ தலைமுறையினரின் விரல்களில் பதிந்து கிடக்கிறது.

எழுத்தை ஒழுங்கு செய்ததோடு முத்தையாவின் வேலை முடியவில்லை. தமிழ் அறியாத ஜெர்மானியர்க்குத் தமிழெழுத்தின் வடிவையும் அளவையும் விளக்கி, சீடல் அண்டு நௌமன் தொழிற்சாலையைக் கொண்டு பொறியைச் செய்வித்தார். ஒரு புள்ளி மயிரிழை தவறி விழுந்தாலும் எழுத்து கெடும் வேலை அது. நல்ல எண்ணம் உடையோர் பலர் உளர். அவ்வெண்ணத்தைச் செய்பவன் கைக்கு மாற்றத் தெரிந்தோர் சிலரே. 1939இல் மூண்ட போர் ஜெர்மன் வரத்தைத் தடுத்தது. எனினும் தமிழ் பொறியில் ஏறும் என்பது அதற்குள் உறுதியாகிவிட்டது.

போருக்குப் பின் இத்தகைய ஆராய்ச்சி மேலை நாடுகளில் ஒரு தனித்துறையாக வளர்ந்தது. போர் விமானங்களில் நிகழ்ந்த பிழைகளுக்கு விமானியின் அசட்டையை மட்டும் காரணமாகக் கூறாமல், நெம்புகோல்களும் அளவிகளும் அமைந்த முறையை ஆராயத் தொடங்கினர். பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஜான் கார்லின் என்னும் உளவியலார் தலைமையில் அமைந்த குழு, எண் பொத்தான்களைப் பலவாறு அடுக்கி மக்களிடம் தந்து, எவ்வடுக்கில் விரைவு மிகுதி, பிழை குறைவு என்று கணக்கிட்டது. 1963இல் விற்பனைக்கு வந்த பொத்தான் தொலைபேசியில் 1, 2, 3 மேல்வரிசையில் நிற்பது அவ்வாராய்ச்சியின் பயன். கணக்கிடும் பொறிகளில் அவை கீழ்வரிசையில் நிற்பதையும் ஒப்பிட்டுக் காண்க. வழக்கத்தைப் பின்பற்றியிருந்தால் தொலைபேசியும் அவ்வாறே அமைந்திருக்கும். அவர்கள் வழக்கத்தை நம்பாமல் மக்களைக் கேட்டனர்.

தமிழில் எழுத்தே மாற்றம் வேண்டி நின்றது. தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழில் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய கோலங்களை விலக்கிச் சீரெழுத்தைக் கையாண்டார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்று ஆணையிட்டது. சிங்கப்பூரும் மலேசியாவும் 1980களில் பின்பற்றின. இதனை மொழிச் சிக்கலாக மட்டும் பேசுவோர், அச்சுக்கோப்பாளனின் பெட்டியில் அறைகள் குறைந்ததையும் பிள்ளைகளின் மனப்பாடச் சுமை இறங்கியதையும் மறந்துவிடுகின்றனர்.

கணினி வந்தபோது பழைய வினா புதிய உருவில் எழுந்தது. சிலாங்கூரில் கேரித் தீவுத் தோட்டச் சூழலில் வளர்ந்தவர் கவிஞர் முரசு நெடுமாறன். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தவர். அவர்தம் மைந்தர் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் கணினியில் தமிழ் எழுதும் முயற்சியில் இறங்கினார். முரசு என்றும் பின்னர் முரசு அஞ்சல் என்றும் வழங்கிய அம்மென்பொருள் அச்சகங்களிலும் இதழ்களிலும் பரவியது. அஞ்சல் விசைமுறையில் தமிழ்த் தட்டச்சுப் பயிலாதவரும் எழுதலாம். ஆங்கில விசைகளில் ஒலிக்கு ஒலி தட்டினால் திரையில் தமிழ் தோன்றும். மலேசியத் தமிழ் இளைஞன் கையில் ஏற்கெனவே இருந்த பழக்கத்தையே படிக்கட்டாக்கிய அமைப்பு அது. தூய்மை நோக்கில் இதனைக் குறை கூறுவோர் உண்டு. ஆயினும் தமிழ் எழுதுவதையே கைவிட்டிருக்கக்கூடிய ஆயிரமாயிரம் பேரைத் தமிழில் எழுத வைத்த பெருமை அதற்கு உண்டு.

சிங்கப்பூரில் சிறுகதையாசிரியரும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் அமைப்பை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறியது அவருடைய உழைப்பால். ஆனால் அடுத்த சில ஆண்டுகள் குழப்பம் மிகுந்தவை. ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவும் குறியாக்கமும் வைத்துக்கொண்டது. ஓர் இதழின் எழுத்துருவை இறக்கி வைத்தவன் மற்றோர் இதழைத் திறந்தால் பொருளற்ற கிறுக்கல்களே திரையை நிறைத்தன. கைவசம் இருந்தும் படிக்க முடியாத அந்நிலை, செக்ரோலின்முன் நின்ற தொழிலாளியின் நிலையோடு ஒத்தது. இம்முறை எழுத்து மட்டும் தமிழ்!

அக்குழப்பத்தைத் தீர்த்தது தனி ஒருவரின் ஆற்றலன்று. 1997 மே மாதம் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகளில் போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்தனர். தத்தம் படைப்பின்மேல் பற்றுக்கொண்டோர் அதை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துப் பொதுத் தரம் பேசியது எளிய செயலன்று. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ் அமைப்பு பிறந்தது. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1991 முதல் தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடு என்னும் ஒருங்குறி, நாளடைவில் எல்லாக் கணினிகளிலும் நிலைபெற்றது.

சென்னையில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை தனியே ஆராயத்தக்கது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அகரம் நடு வரிசையிலும் ஆகாரம் அதன் நேர் மேலேயும் நிற்கும்; இ, ஈ, உ, ஊ, எ, ஏ ஆகியனவும் அவ்வாறே. வலக்கையின் நடு வரிசையில் மிகுதியாய் வரும் க, ப, ம, த, ந. இவற்றினும் சிறந்தது புள்ளியைப் பற்றிய ஏற்பாடு. மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரம் தானே புள்ளி பெறும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் ந்த என்றாகும். மெல்லினத்தை அதன் இன வல்லினம் தொடரும் என்னும் தமிழிலக்கணம் பொறிக்குள் புகுத்தப்பட்டுவிட்டது. முத்தையா காலத்தில் மனிதன் புள்ளியை முன்னே தட்டிப் பொறிக்கு வளைந்தான். இப்போது பொறி தமிழின் இயல்பறிந்து மனிதனுக்கு வளைந்தது.

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் இன்றைய தொழிலை நோக்கலாம். குருண் பழைய குருணன்று. தோட்டங்கள் சுருங்கின. 1990களில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அங்கு எழுந்தது. கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. குருணுக்குத் தெற்கே பீடோங்கை அடுத்த செமலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உள்ளது. பால் மங்கும் வெட்டுக் கத்தியும் ஏந்திய கைகளின் பேரப்பிள்ளைகள் கணினித் துறையில் பயில்கின்றனர். இணையப் பக்கம் அமைக்கும் வேலைக்குச் செல்ல விழைவோர் நிரல் எழுதக் கற்றால் போதும் என்று எண்ணுவது பெரும்பாலும் காணப்படும் மயக்கம். நிரல் மொழிகள் சில ஆண்டுகளில் பழகும், சில ஆண்டுகளில் பழசாகும். எழுத்தின் இயல்பறிதலும், கையின் போக்கை உற்று நோக்குதலும், பிறர்க்கு எடுத்துரைத்து ஏற்கச் செய்தலும் பழசாவதில்லை.

உற்று நோக்குதல் என்பது மேலெழுந்தவாறு பார்த்தலன்று. அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் 1988இல் வெளியிட்ட நூலில், கதவைத் தள்ளுவதா இழுப்பதா எனத் தெரியாமல் ஒருவன் திகைத்தால் குறை கதவினுடையதே என்று வாதிட்டார். டென்மார்க்கில் பிறந்த யாக்கோபு நீல்சன், பெருங்கூட்டத்தைச் சோதிக்க வேண்டியதில்லை, ஐவரை அமர்த்திப் பார்த்தாலே பக்கத்தின் பெருங்குறைகள் புலப்படும் என்று 2000இல் எழுதினார். அந்த ஐவர் யாவர் என்பதே வினா. வடிவமைப்பாளனின் நண்பர் ஐவரை அமர்த்தினால் எல்லாம் சரியென்றே தோன்றும். ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவரையும், கடையில் கணக்கெழுதும் பெண் ஒருவரையும், கண் மங்கிய மூதாட்டி ஒருவரையும் அமர்த்தி, வாய் திறவாமல் அவர் விரலை மட்டும் நோக்குதல் வேண்டும். தவறிய இடத்தில் குறுக்கிட்டு வழிகாட்டும் ஆசையை அடக்குவதே இத்தொழிலின் கடினமான பயிற்சி.

தமிழ்ப் பக்கத்துக்கெனச் சில தேவைகள் உள. ஆங்கில அளவுக்கு வெட்டிய பொத்தானில் தமிழ் அடங்குவதில்லை. ஆறெழுத்தில் முடியும் சப்மிட் என்னும் சொல்லைச் சமர்ப்பிக்கவும் என்று பெயர்த்தால் சொல் கட்டத்தை மீறி வழியும். அனுப்புக என்றால் அடங்கும், மூதாட்டிக்கும் விளங்கும். இதனைத் தேர்வது மொழிப்புலமை. எழுத்தை நெருக்கிச் சிறிதாக்குவது சோம்பல். மேலே கொம்பும் கீழே சுழியும் உடைய எழுத்தாதலின் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தினும் மிகுந்த வெளி வேண்டும். மலாய், ஆங்கிலம், தமிழ், சீனம் ஆகிய நான்கும் ஒரு திரையில் நிற்கும் மலேசியாவில், நான்கின் நீள அகலங்களையும் அறிந்தவனுக்கு வேலை குறைவதில்லை.

வேலை தேடிச் செல்வோன் கொண்டுசெல்லும் படைப்புத் தொகுப்பிலும் அழகிய படங்கள் மட்டும் இருத்தல் போதாது. முதலில் என்ன செய்தான், யாரிடம் காட்டினான், அவர் எங்கே இடறினார், பின் எதை மாற்றினான் என்னும் வரலாறு அதில் இருக்குமாயின், அறிவுடைய முதலாளி அதனையே முதலிற் படிப்பார்.

2020இல் பெருந்தொற்று நாட்டைச் சூழ்ந்தபோது மைசெஜாத்ரா என்னும் கைப்பேசிச் செயலி அறிமுகமாயிற்று. கடைவாயிலில் ஒட்டிய கட்டக் குறியைக் கைப்பேசியால் காட்டி உள்ளே செல்வது வழக்கமாயிற்று. இளையோர்க்கு நொடியில் முடிந்த காரியம் அது. அத்தகைய கைப்பேசி இல்லாத முதியோர், வாயிலில் வைத்த குறிப்பேட்டில் பெயரும் எண்ணும் எழுதினர். எழுத வராதவர்க்குப் பின்னால் நின்றவர் எழுதிக் கொடுத்தார். பழைய கிராணியின் வேலையை அன்று வழிப்போக்கர் செய்தனர்.

2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் செல்லினம் சிங்கப்பூரில் வெளியாயிற்று. அக்காலக் கைப்பேசிகளின் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடமும் ஒருங்குறித் தமிழுக்கு 70 இடமுமே இருந்தன. அந்நெருக்கடியிலும் தமிழில் வாழ்த்து அனுப்பினர். சில ஆண்டுகளில் திரைதொடு கைப்பேசிகள் வந்தன. செல்லினம் அவற்றிலும் ஏறியது. இன்று ஐபோன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. கணினிக்கான தமிழ் மென்பொருள்களிலோ, ய, ள, ன, க என்று விரல் பழகிய பழைய தட்டச்சருக்காக அந்த முதல் வரிசையும் இன்னும் விலக்கப்படாமல் வைக்கப்பட்டுள்ளது. அதில் புள்ளியை முன்னே தட்டும் வழக்கமும் அப்படியே இருக்கிறது.